சர்வர் படுத்தால் மீட்டர் யாருக்கு ஓடுது?

ஆத்தூர் பக்கம் ஊராட்சி ஒன்றிய வேலைகளை எடுத்துச் செய்யும் சின்ன காண்ட்ராக்டர்களிடம் "இருபதாம் தேதி" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கை (3பி படிவம்) தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. அன்றைக்குப் பார்த்து திரையில் வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும்...

இந்தக் கதையில் இரண்டு காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சிமெண்ட் ரோடும் சிறுபாலமும் போடுபவர். இன்னொருவர் இன்ஃபோசிஸ்! ஆமாம், அவர்களும் டெண்டர் எடுத்தவர்கள்தான். ஜி.எஸ்.டி. கணினி அமைப்பைக் கட்டும் வேலை 2015-ல் சுமார் 1,380 கோடி ரூபாய்க்கு அவர்களிடம் போனது.

சின்ன காண்ட்ராக்டருக்கு என்ன விதி? டெண்டர் போடும்போதே முன்பணம் கட்ட வேண்டும். வேலை கிடைத்தால் டெபாசிட். கெடு தாண்டினால் அபராதம். முடித்துக் கொடுத்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் விரிசல் விட்டால் சொந்தக் காசில் பூச வேண்டும். நியாயமான விதிதான், மக்கள் பணம் ஆச்சே.

பெரிய காண்ட்ராக்டர் கட்டிய பாலம் எப்படி இருந்தது? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. முதல் 3பி-க்கு கெடு ஆகஸ்ட் 20. முந்தின நாளே போர்ட்டல் திணறியது, கெடு 25-க்குத் தள்ளிப்போனது. முதல் மூன்று மாதத் தாமதக் கட்டணத்தை அரசே பிறகு தள்ளுபடி செய்தது. கட்டியவர்களுக்கு லெட்ஜரில் திருப்பியும் வைத்தது. கட்டிய பிறகு வந்த தள்ளுபடி என்பதைக் கவனிக்கவும். 2020 மார்ச் 14-ல் நந்தன் நிலேகனி ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கே வந்து விளக்கம் கொடுத்தார். ஒரே நேரத்தில் 1.5 லட்சம் பேர் நுழையும் வசதியை 3 லட்சமாக ஆக்குவது அன்றைய பேச்சுகளில் ஒன்று. 2022 மே மாதம் 2பி அறிக்கையில் கோளாறு, கெடு 20-லிருந்து 24 ஆனது. 2025 ஜனவரி 10 அன்று போர்ட்டல் மறுபடி முடங்கியது, கெடு இரண்டு நாள் தள்ளியது.

நடுவில் வருமான வரி போர்ட்டல் கூத்து வேறு. அதுவும் இன்ஃபோசிஸ் வேலை, 4,242 கோடி ரூபாய்த் திட்டம். 2021 ஜூன் 7-ல் திறந்தார்கள், திறந்த நாளிலிருந்தே புகார். ஆகஸ்ட் 21-லிருந்து போர்ட்டலே திறக்கவில்லை. 23-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கம்பெனித் தலைவர் சலில் பரேக்கை நேரில் கூப்பிட்டு, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னார். அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் ஒரு நாள் கெடு என்ற சொல்லின் ருசி தெரிந்தது :)

இதனால் காண்ட்ராக்டருக்கு என்ன நஷ்டம்? பத்து லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் பில் பாஸ் ஆகும்போதே 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம். இருபதாயிரம். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், பத்தாயிரம். ஆக முப்பதாயிரம் கையில் வராது. அந்த இருபதாயிரம் திரும்ப எப்படி வரும்? பிடித்த அலுவலகம் அடுத்த மாதம் 10-க்குள் தன் படிவத்தைப் போட வேண்டும். பிறகு காண்ட்ராக்டர் போர்ட்டலில் நுழைந்து "ஏற்கிறேன்" என்று அழுத்த வேண்டும். அப்புறம்தான் அவருடைய கேஷ் லெட்ஜரில் ஏறும். பத்தாயிரம் வேண்டுமென்றால் அந்த இன்னொரு போர்ட்டல். இரண்டு கதவும் ஒரே கம்பெனி செய்த கதவு! கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்கணும், "சர்வர் டவுன், செவ்வாய்க்கிழமை வா" என்று சொல்ல முடியாது.

"கடைசி நாள் வரைக்கும் ஏன் தூங்குகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். மீதிக்குக் காலண்டரைப் பார்க்க வேண்டும். சிமெண்ட், கம்பி விற்ற கடைக்காரர் தன் கணக்கைப் போட 11-ஆம் தேதி வரை நேரம், காலாண்டுத் திட்டத்தில் இருந்தால் 13 வரை. அதைச் சேர்த்து 2பி தயாராவது 14-ஆம் தேதி. அதைப் பார்க்காமல் வரவு எடுக்கக் கூடாது. அப்படியென்றால் அவருக்கு மிச்சம் ஆறே நாள். நாடு முழுக்க எல்லோரையும் ஒரே ஆறு நாள் சந்துக்குள் தள்ளிவிட்டு, "ஏன் நெரிசல்?" என்று கேட்பது நல்ல வேடிக்கை.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் என்றால் ஒரு படிவத்துக்கு அதிகபட்சம் 2,000. பெரிய காசு இல்லைதான். ஆனால் அது தானாக ஓடும் மீட்டர். போர்ட்டல் நின்றால் மட்டும் தானாக நிற்காது. டில்லியிலிருந்து அறிவிக்கை வர வேண்டும், அதுவும் நாடே முடங்கினால்தான் வரும். ஒரு மாலை நாலு மணி நேரம் திணறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஓ.டி.பி. வராமல் திண்டுக்கல்லில் ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு ரசீது கிடையாது.

2024-ல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. கெடுவுக்குள் பணத்தை கேஷ் லெட்ஜரில் கட்டி, அது அங்கேயே இருந்தால், படிவம் தாமதமானாலும் அந்தப் பணத்துக்கு 18 சதவீத வட்டி கிடையாது. இதே யோசனையை இன்னும் ஒரு அடி நகர்த்தலாமே? எத்தனை மணிக்கு யார் நுழைய முயன்றார், எப்போது திரை செத்தது என்பதெல்லாம் சர்வரிலேயே பதிவாகும் விஷயம். கடைசி மூன்று நாளில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போர்ட்டல் படுத்தால், அறிவிக்கைக்குக் காத்திராமல் கெடு அதே அளவு நீளட்டும். எத்தனை மணி நேரம் படுத்தது என்பதை மாதா மாதம் பொதுவில் போடட்டும். ரோடு வேலை நடக்கும் இடத்தில் மதிப்பீட்டுத் தொகையும் காண்ட்ராக்டர் பெயரும் எழுதி ஒரு பலகை வைக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு பலகை போர்ட்டல் முகப்பிலும் இருக்கட்டும்.