அள்ளும் கை நம் கையாக இருக்கட்டும்



தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் பலர் காலையிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே! மோட்டார் கொட்டகை இருக்கிறது, மாட்டுத் தொழுவம் இருக்கிறது, உரமூட்டை அடுக்க ஓர் அறையும் இருக்கிறது. கழிப்பறை மட்டும் இல்லை. கேட்டால், “அங்கே குழாய் கிடையாது, செப்டிக் டேங்க் கட்டக் கட்டுப்படியாகாது” என்கிறோம். இரண்டும் இல்லாமலே நல்ல கழிப்பறை கட்டலாம். அதை எடுத்துச் சொல்லவே இந்த மாதம் இந்தப் பக்கம்.

வெகுதூரம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. திருச்சி மாவட்டம் முசிறி போதும். காவிரிக்கரை ஊர் அது. நீர் மேலேயே நிற்கும் மண்ணில் குழி தோண்டினால் ஊற்று உள்ளே ஏறும். குழியில் உள்ளது கிணற்றுக்குப் போகும். அங்கேதான் மராச்சி சுப்புராமன் அவர்களின் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேர்க்கும் எக்கோசான் கழிப்பறைகளைப் பரப்பியது. பயன்படுத்த வருபவர்களிடம் காசு வாங்காமல், அவர்களுக்கே காசு கொடுத்த பொதுக் கழிப்பறை 2008-இல் அங்கே நடந்தது. சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அமைப்பு எளிது. தரைமட்டத்துக்கு மேலே, நீர் புகாதபடி அடித்தளம் போட்டு இரண்டு அறைகள். படியேறிப் போனால் மேலே பீங்கான். மலம் நேரே கீழே விழும். சிறுநீர் முன்பக்கப் பள்ளம் வழியே குழாயில் இறங்கிக் கேனில் சேரும். கழுவுவதற்குச் சற்றுத் தள்ளித் தனி இடம். அந்த நீர் கல்வாழைப் பாத்திக்குப் போய்விடும். முதலில் அறையில் வைக்கோல் பரப்ப வேண்டும். போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டாங்குச்சி சாம்பல் தூவ வேண்டும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், காரத்தன்மையைக் கூட்டும். நாற்றமும் ஈயும் அண்டாது. வலை கட்டிய காற்றுக்குழாய் ஒன்று கூரைக்கு மேலே நீள வேண்டும். உள்ளே தண்ணீர் விழுந்தால் எல்லாம் கெட்டது. விருந்தாளிக்கும் குழந்தைக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுகிறோம். நம் ஊர் வெப்பநிலையில் மூடிய அறை ஓர் ஆண்டுக்கு மேல் கிடக்க வேண்டும் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டு நெறிகள். சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தியே வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் போதும். இதில் அவசரம் கூடாது. உருண்டைப்புழு முட்டைகள் எளிதில் சாவதில்லை. மக்கியதை எடுத்துத் தென்னைக்கும் மரங்களுக்கும் வையுங்கள். கீரைப் பாத்திக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் வேண்டாம்.

சிறுநீரைப் பலரும் வீணாக்குகிறார்கள். நம் உடலிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. கிருமிகளில் பெரும்பங்கு மலத்தில். இரண்டையும் பிரித்து எடுப்பதன் பலன் இதுதான். கேனை இறுக்கி மூடினால் தழைச்சத்து ஆவியாகிப் போகாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் வாழையின் வேரோரம் ஊற்றி மண் அணைத்துவிடுங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். விளைச்சல் விற்பனைக்கு என்றால், ஊற்றுவதற்கு முன் சிறுநீரை ஆறு மாதம் மூடியே வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் தொழில்நுட்பம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. எடுப்புக் கக்கூஸ் இருந்த ஊர்கள் நம் ஊர்கள். ஒரு சாதியார் தலையில் கூடையை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற வரலாறு நம்முடையது. முழுமையாக மக்கும் முன்பே மனிதர் கையால் அள்ள வேண்டிவரும் எந்தக் கழிப்பறையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரமற்ற கழிப்பறைதான். ஆகவே, காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதைக் கட்டவே வேண்டாம். கட்டினால், காலம் முடிந்து அறையைத் திறக்கும் நாளில் மண்வெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் தேடி, அதுவும் குறிப்பிட்ட தெருவில் தேடிப் போனீர்களானால், பழைய கொடுமைக்கே புதுக் கூரை வேய்ந்தவர்கள் ஆவீர்கள். நாமே அள்ளத் தயங்காத பொருளாக அது மாறியிருக்கிறதா என்பதே சரியான பரிசோதனை.

கோடையில் கொட்டகைக்குக் கீற்று மாற்றும்போதே இந்த வேலையையும் சேர்த்துத் தொடங்கலாம். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளும், கை கழுவத் தண்ணீரும் சோப்பும் மறக்க வேண்டாம். வேலைக்கு வருபவர்களுக்கும் அதே கழிப்பறைதான். வீட்டுக்காரருக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். ஏற்கெனவே கட்டியிருப்பவர்கள் செலவுக் கணக்கையும் பட்ட சிரமங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். கட்ட நினைப்பவருக்கு உங்கள் அனுபவம் பெரிய துணை.

அன்புடன்,
ஆசிரியர்