ஆளும் இல்லை, வேலையும் இல்லையா?

கூலி ஏறினால் வேலை போய்விடும் என்கிறார்கள். அதே வாய், நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை என்றும் அலுத்துக்கொள்கிறது. ஆள் தட்டுப்பாடு என்றால் கூலி போதவில்லை என்றுதானே பொருள்? கூலி கூடினால் வேலை குறையும் என்ற பாடம், ஆளுக்காக முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டியிடும் இடத்துக்குப் பொருந்தலாம். பழைய கிழக்குத் தஞ்சையில் அப்படியா இருந்தது? மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டார்கள். உள்ளூர் ஆள் கூடுதல் கேட்டால் வெளியூர் ஆளை வயலில் இறக்கினார்கள். அரைப்படி நெல்லுக்கான அந்தத் தகராறு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்தது. அதன் பிறகுதான், 1969-ல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கொடுப்பவர் கை கட்டுப்படுத்தி வைத்த கூலியைச் சட்டம் உயர்த்தினால் வேலை குறைந்தே தீரும் என்பதற்கில்லை. 1992-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி, குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுத் துரித உணவகங்களை ஆராய்ந்த டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கே வேலை குறைந்ததாகக் காணவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைமடையில் வேலைநாளை முடிவு செய்வது கூலியைவிடத் தண்ணீர். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத வருஷம் குறுவை போச்சு. சம்பாவுக்கும் தண்ணீர் பிந்தினால் நாற்றங்கால் இல்லை, நேரடி விதைப்புதான். நாற்றுப் பறித்து, முடி கட்டி, சேற்றில் வரிசையாகக் குனிந்து நடும் பெண்களின் வேலை மொத்தமும், புழுதியில் ஒருவர் விதையைத் தெளித்துப் போவதோடு முடிந்துவிடுகிறது. இதில் கூலி எங்கே ஏறியது?

அறுவடை இயந்திரத்தைக் காட்டுவார்கள். கூலி ஏறினால் இயந்திரம் சீக்கிரம் வரும் என்பதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குறுவை முற்றும்போது மழை தலைக்குமேல் நிற்கிறது. ஈர வயலில் பெல்ட் வண்டி மணிக்கணக்கில் முடிப்பதை ஆட்கள் நாள்கணக்கில் அறுக்க வேண்டும். பாதிக் கூலிக்கு ஆள் வந்தாலும் சாய்ந்த கதிர் காத்திருக்காது. நூறு நாள் வேலைத் திட்டம் ஆட்களைக் கெடுத்துவிட்டது என்பது இன்னொரு புகார். 2006-ல் முதல் கட்டமாகத் தொடங்கிய மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அன்று கூலி 80 ரூபாய். அந்தத் தொகையே ஒருவரை வயலிலிருந்து இழுக்குமென்றால், வயல் என்ன கொடுத்துக்கொண்டிருந்தது?

சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது மட்டும் நியாயமான பேச்சு. கூலியை அவர் நெல் விலையில் ஏற்ற முடியாது. ஆதார விலை டெல்லியில் முடிவாகிறது. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கடியில் கிடக்கும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில்லை. 22 வரை தளர்த்தச் சொல்லி மழைக்கு மழை கேட்க வேண்டியிருக்கிறது. நடவுப் பெண்ணின் கூலியைப் பிடிப்பதால் அந்த நெல் காய்ந்துவிடாது.