நான்கு பேர், நான்கு ஸ்லைடு

பள்ளிகளில் இன்று குரூப் புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். தலைப்பு, நொய்யல் ஆற்று மாசு என்று வைத்துக்கொள்வோம். குழுவில் நான்கு பேர். முதல் ஸ்லைடு உனக்கு, இரண்டாவது எனக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தி விக்கிபீடியாவிலிருந்து எடுப்பாள், இன்னொருவன் ஏஐயிடம் கேட்பான். மூன்றாமவனின் பங்கை அவனுடைய அப்பா பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்து வாங்கி வருவார். நான்காவது பிள்ளை எல்லாவற்றையும் ஒட்டி, பின்னணி நிறம் கொடுத்து முடித்துவிடும். வகுப்பில் கைதட்டலும் கிடைக்கும். மூன்றாவது ஸ்லைடைப் பற்றி முதல் மாணவியிடம் ஏதாவது கேட்டால்தான் சங்கடம்.

ஒரே கோப்பில் நால்வரும் எழுதுவதால் அதைக் கூட்டு வேலை என்று நம்பிவிடுகிறோம். கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா, பேட்லெட் போன்றவை சேர்ந்து வேலை செய்வதை எந்த அளவுக்கு எளிதாக்கினவோ, அதே அளவுக்குப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்து போவதையும் எளிதாக்கியிருக்கின்றன. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்ததை இரண்டாவது ஸ்லைடு சொல்லும். ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிக் கிணற்று நீர் உப்பானதை மூன்றாவது சொல்லும். ஒன்று எப்படி மற்றொன்றுக்குக் காரணமானது என்பதை எழுத யாருமில்லை. அது யார் பங்கிலும் வரவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

ஸ்லைடின் பூர்வீகம் வகுப்பறை கிடையாது. பவர்பாயின்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியதை அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் நின்று பேசுவார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கென்று செய்யப்பட்ட பொருள். இருபது ஆண்டுகள் கழித்து, 2007இல், கூகுள் தன் இணைய ஆவணச் சேவையில் ஸ்லைடுகளையும் சேர்த்தது. ஒரே கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதி அதில் இருந்தது. ஆனால் ஸ்லைடின் அச்சு மாறவில்லை: ஒரு தலைப்பு, அதற்குக் கீழே புள்ளி வைத்த நான்கு வரிகள்.

அந்த அச்சு பெரியவர்களையே ஏமாற்றியிருக்கிறது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்த 2003 கொலம்பியா விண்கல விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, நாசாவுக்காகப் பொறியாளர்கள் தயாரித்த ஒரு ஸ்லைடைத் தனியே எடுத்து விமர்சித்தது. சோதனைகளில் பயன்படுத்தியதைவிடப் பல மடங்கு பெரிய நுரைத்துண்டு இறக்கையில் மோதியிருந்தது. அந்த முக்கியமான செய்தி ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் கிடந்தது. தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தையும் குழு கண்டித்தது. புள்ளி வரிகளில் ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’ ஆகியவற்றுக்கு இடமில்லாமல் போவதுதான் சிக்கல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதே அச்சைக் கொடுத்துவிட்டுக் காரண காரியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பங்கு பிரிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், நிறப் பாகுபாடு நீக்கிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது எழுந்த மோதலைத் தணிக்க, 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் துண்டை மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். கடைசியில் முழுப் பாடத்திலும் எல்லோருக்கும் தேர்வு உண்டு. நம் குரூப் புராஜெக்டில் முதல் பாதி மட்டும் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

அந்தக் கட்டாயத்தை உண்டாக்கும் வசதி இந்தச் செயலிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் கருத்து எழுதலாம். அடுத்தவர் ஸ்லைடில் ஒரு கேள்வியாவது எழுத வேண்டும், கேட்கப்பட்டவர் ஸ்லைடைத் திருத்தித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் விதி வைக்கலாம். வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார் எப்போது எதை மாற்றினார் என்பது தெரியும். (கணக்கில் நுழையாமல் வந்தவர்களை கூகுள் ஏதாவது ஒரு விலங்கின் பெயரில் காட்டும். கேபிபராவுக்கு யார் மதிப்பெண் போடுவது?) இதை உளவு பார்க்கும் கண்ணாடியாக்கிவிடவும் கூடாது. யோசனை சொன்னவள் ஒருத்தியாகவும் தட்டச்சு செய்தவன் வேறொருவனாகவும் இருக்கலாம்.

குரல் சேர்க்கும் வசதியை நம் பள்ளிகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. வாய்ஸ்த்ரெட் என்ற சேவையில் ஒரு படத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பலர் தங்கள் குரலைப் பதியலாம். அது இல்லாவிட்டாலும் செல்பேசியில் பதிந்து ஸ்லைடில் இணைத்துவிடலாம். தமிழில் தட்டச்சு செய்யத் திணறும் பிள்ளை இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். பேசச் சொன்னால் கதையே சொல்லும். நொய்யல் கரையில் விவசாயத்தைக் கைவிட்ட ஒருவரிடம் போய், “எந்த வருஷத்துல இருந்துங்க தண்ணி இப்படி ஆச்சு?” என்று கேட்டுப் பதிந்து வந்தால், அதை எந்த பிரவுசிங் சென்டரிலும் வாங்க முடியாது.

இணையம் சரியாக வராத பள்ளி, நால்வருக்கு ஒரு கணினி என்ற நிலை, இணையவழித் தேர்வுக்கும் அதே ஹைடெக் லேப்: நடைமுறைச் சிக்கல்களை நான் மறக்கவில்லை. நால்வருக்கு ஒரு கணினி என்பதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. தனித்தனித் திரையில் பேசாமல் முடியும் வேலை, ஒரே திரையின் முன் சண்டை போட்டுத்தான் முடியும். எனக்குக் கவலை வேறு. பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லும் பள்ளிகள், 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கருதுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மீதியெல்லாம் மதிப்பெண்ணைப் பொறுத்தது. புராஜெக்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை, அடுத்தவர் ஸ்லைடைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லும் பதிலுக்கு ஒதுக்கலாம். 40 பேர் வகுப்பில் 10 குழுக்கள். குழுவுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு பாடவேளைக்குள் அடங்காது, இரண்டு வேண்டும். அந்த இரண்டாவது பாடவேளையைக் கால அட்டவணையில் ஒதுக்கித் தர தலைமையாசிரியரால் முடியும்.