பேரைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்பவர்கள்

ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் மின்கம்பங்களில் வட்டி முதலைகளின் தொலைபேசி எண்கள் ஒட்டியிருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. மாநகர் மன்றம் கிழித்தெறிந்தாலும் சில நாளில் புதிதாக முளைத்துவிடும். இப்போது அவர்களிடம் கடன் வாங்கும் அதே கூட்டத்தைக் குறிவைத்து இன்னொரு வகை விளம்பரம் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. சிசிரிஸில் பேர் அடிபட்டுவிட்டதா, சிடோஸில் வழக்கு ஏறிவிட்டதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறீர்களா, கவலை வேண்டாம், எல்லாவற்றையும் சுத்தம் செய்து புதுக் கடனும் வாங்கித் தருகிறோம் என்கிறது அது. கூடவே முன்பணம் கேட்கிறது.

இப்படிப்பட்ட சேவைகளில் நம்பத்தக்கது எது என்று பலர் கேட்கிறார்கள். வீடு வாங்கவோ மோட்டார் எடுக்கவோ விண்ணப்பித்து, வங்கி கைவிரித்த பிறகு எழும் நியாயமான கேள்விதான். ஆனால் யாரை நம்பலாம் என்பதற்கு முன்னால், அவர்கள் விற்பது என்ன பொருள் என்று பார்த்துவிட வேண்டும்.

சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவரும் கடன் தகவல் திரட்டு. அதன் அறிக்கையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரிசை. எந்த வகைக் கடன், எவ்வளவு பாக்கி, அதன் பக்கத்தில் கடந்த 12 மாதங்களுக்கு 12 சிறிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் 0. ஒரு மாதப் பாக்கி இருந்தால் 1, இரண்டு மாதமானால் 2. அவ்வளவுதான். நல்லவர், கெட்டவர் என்று அதில் எந்த முத்திரையும் இல்லை. கறுப்புப் பட்டியல் என்று தன்னிடம் ஒன்று கிடையாது என்பதைப் பேங்க் நெகாராவே பலமுறை சொல்லியிருக்கிறது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த வங்கியின் முடிவு.

இந்த 12 கட்டங்களில்தான் விஷயமே இருக்கிறது. புது மாதம் ஒன்று ஏறும்போது பழைய மாதம் ஒன்று உதிர்ந்துவிடுகிறது. பாக்கியைக் கட்டி முடித்து, அதன்பின் ஓர் ஆண்டு தவறாமல் தவணை செலுத்தினால் வரிசை முழுக்க 0 ஆகிவிடும். இதற்கு ஏஜண்ட் வேண்டாம், ஒரு காசும் கட்டணம் வேண்டாம். எந்த ஏஜண்ட்டாலும் இதை விரைவுபடுத்தவும் முடியாது. சிசிரிஸுக்குத் தகவல் தருவது கடன் கொடுத்த நிறுவனம். உண்மையான ஒரு பதிவை அழிக்கும் அதிகாரம் வெளியாள் யாருக்கும் இல்லை.

சிடோஸ் வேறு. அது 1990-இல் தொடங்கிய தனியார் நிறுவனம். சிசிரிஸ் தகவலோடு நீதிமன்ற வழக்குகள், திவால் விவரம், வணிகர்கள் தரும் பாக்கி விவரம் எல்லாம் அங்கே சேர்கின்றன. 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். அங்கே தவறான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமையை 2010-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. வழக்கு முடிந்து, கடனும் தீர்ந்திருந்தால் தீர்வுக் கடிதத்தைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லலாம். சிசிரிஸில் பிழை இருந்தால் முதலில் கடன் கொடுத்த வங்கியிடம், பிறகு பேங்க் நெகாராவிடம் போக வேண்டும். அடைத்துவிட்ட கடன் இன்னும் பாக்கியாகத் தெரிவதும் வேறொருவர் கணக்கு நம் பெயரில் ஏறிவிடுவதும் நடக்கக்கூடியவைதான். அவற்றை விட்டுவிடக் கூடாது. ஆனால் இதற்கெல்லாம் தேவைப்படுவது அடையாள அட்டையும் ஆவணங்களும் கொஞ்சம் பொறுமையும்.

அப்படியானால் உண்மையிலேயே கட்ட முடியாதவர் என்ன செய்வது? சம்பளம் குறைந்துவிட்டது, நோய் வந்துவிட்டது, கடன்பற்று அட்டை 4 சேர்ந்துவிட்டது. அவருக்காகத்தான் 2006-இல் பேங்க் நெகாரா ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. பினாங்கிலும் அதற்குக் கிளை உண்டு. அவரை உட்கார வைத்து வருமானத்தையும் செலவையும் கணக்குப் போடுகிறார்கள். தேவைப்பட்டால் வங்கிகளிடம் பேசி வட்டியைக் குறைத்து, தவணையை நீட்டி, ஒரே மாதத் தொகையாக்கித் தருகிறார்கள். கட்டணம் கிடையாது. இதில் சேர்ந்தால் சிசிரிஸ் அறிக்கையில் அதற்கென்று ஒரு குறி விழும், அந்தக் காலத்தில் புதுக் கடன் கிடைப்பது கடினம். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் கடனில் மூழ்கியவருக்கு இன்னொரு கடன் கிடைக்காமல் இருப்பது கெடுதல் என்று நாம் நினைக்கவில்லை.

இனி, இந்தச் சேவையை விற்பவர்கள் பக்கம் வருவோம். இவர்களில் வெறும் மோசடிக்காரர்கள் ஒரு வகை. பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணை மாற்றிவிடுவார்கள். இன்னொரு வகை, பார்க்கக் கண்ணியமாக இருக்கும் ஏஜண்ட்டுகள். அலுவலகம், பெயர் அட்டை, டை எல்லாம் உண்டு. அரசு ஊழியர்களிடம்தான் இவர்களுக்குக் குறி, ஏனெனில் அங்கே சம்பளத்திலேயே தவணையைப் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. முறை இதுதான்: ஏஜண்ட் தன் பணத்தைப் போட்டுப் பழைய பாக்கிகளை அடைப்பார். அறிக்கை ஓரளவு சுத்தமானதும் கூட்டுறவுக் கழகம் ஒன்றில் பெரிய தொகைக்குப் புதுக் கடன் எடுக்க வைப்பார். பணம் வந்த அன்றே தான் போட்டதையும் தன் பங்கையும் எடுத்துக்கொள்வார்.

கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பழைய பாக்கி 30,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கடன் 50,000. ஏஜண்ட் தன் 30,000-ஐயும் அதற்கு மேல் 10,000-ஐயும் எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது 10,000. அது சில மாதத்தில் கரைந்துவிடும். 50,000-க்கான பிடித்தமோ சம்பளச் சீட்டில் பல ஆண்டுகளுக்கு நிற்கும். பேர் சுத்தமானது உண்மைதான், கடன் 20,000 கூடியதும் உண்மை. கையெழுத்துப் போட்ட ஆவணங்கள் எல்லாம் முறையாக இருப்பதால் ஏமாற்றினார்கள் என்று புகார் கொடுப்பதும் எளிதல்ல. நம்மைப் பொறுத்தவரை, காணாமல் போகும் மோசடிக்காரரைவிட இந்தக் கண்ணியமான ஏஜண்ட்தான் கூடுதல் ஆபத்தானவர்.

ஆகவே யாரிடமாவது போயே தீர வேண்டும் என்றால், சில விஷயங்களில் கறாராக இருங்கள். வேலை முடியும் முன் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான பதிவை அழிப்பேன் என்றாலும் அப்படியே. ஏடிஎம் அட்டை, இணைய வங்கிக் கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் குறியீட்டு எண், இவற்றில் எதைக் கேட்டாலும் அவர் உங்கள் கணக்கையே கேட்கிறார் என்று பொருள். வங்கி அழைத்தால் எடுக்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பவர் உங்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறார். சம்பளச் சீட்டிலோ தீர்வுக் கடிதத்திலோ ஓர் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரோடு சேர்ந்தால் குற்றம் உங்கள் தலையில். ஒரே வாரத்தில் பல வங்கிகளுக்கு விண்ணப்பம் போடுவோம் என்றால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பங்களும் அறிக்கையில் தெரியும்.

இது நமக்கு மட்டுமான தொல்லை அல்ல. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே 1996-இல் சட்டம் போட்டார்கள். சேவையைச் செய்து முடிக்கும் முன் பணம் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், 3 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்பவை அதன் விதிகள். அப்படியிருந்தும் அங்கே மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான லெக்சிங்டன் லா, சட்டத்துக்குப் புறம்பாக முன்பணம் வசூலித்ததாக வழக்கில் சிக்கியது. 2023-இல் அதன் மீதும் அதன் கூட்டு நிறுவனங்கள் மீதும் 270 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. மறு ஆண்டு இறுதியில் 43 லட்சம் பேருக்குப் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவு சட்டமும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே இத்தனை லட்சம் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கொடுத்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா?

முடியாது. அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது வெட்கம். நம் வீடுகளில் நோயைப் பற்றிப் பேசுவோம், பிள்ளையின் தேர்வு முடிவைப் பற்றிப் பேசுவோம், கடனைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். தவணை தவறியது மனைவிக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமலேயே அலமாரியில் செருகிவிடுவார்கள். அந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது வரம் போலக் கேட்கிறது. ஏஜண்ட் விற்பது இந்த ரகசியத்தைத்தான். வெட்கம் குறைந்தால் அவர் வியாபாரமும் குறையும், அதைக் குறைப்பது தனியாளால் ஆகிற காரியமல்ல.

இந்த ஊர் கடனை எப்படி நடத்தியது என்பதற்கு நம் தெருக்களிலேயே சாட்சி இருக்கிறது. பினாங்கு தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். தண்ணீர்மலையில் 1857-இல் கோயில் எழுப்பினார்கள். ஈயச் சுரங்கக்காரர் முதல் கடைக்காரர் வரை அவர்களிடம் கடன் வாங்கினார்கள். அந்தத் தொழிலிலும் கறை உண்டு, நிலத்தை இழந்தவர்களின் கதைகளும் உண்டு. ஆனால் அன்று ஒருவரின் நாணயம் ஊருக்குள் தெரிந்த விஷயம். சரிந்தாலும் தெரியும், நிமிர்ந்தாலும் தெரியும். இன்று அது யார் கண்ணிலும் படாத கணினிப் பதிவு. வங்கி மறுக்கும்வரை பலருக்குத் தங்கள் பதிவே என்னவென்று தெரிவதில்லை. அந்தரங்கம் காக்கப்படுவது நல்லதுதான். ஆனால் உதவி கேட்க ஆளில்லாத தனிமையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

எனவே பொறுப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறோம். முதலில் வங்கிகள். விண்ணப்பத்தை நிராகரிக்கும்போது ஒற்றை வரிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தக் கணக்கில் எந்தப் பாக்கி இடிக்கிறது, யாரிடம் போய்ச் சரிசெய்யலாம் என்று வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஏகேபிகேயின் பெயரை அந்தக் கடிதத்திலேயே அச்சிடலாம். கூட்டுறவுக் கழகங்கள் ஏஜண்ட் மூலம் வரும் விண்ணப்பத்துக்குப் பணம் கொடுக்கும் முன் உறுப்பினரை நேரில் அழைத்து, இதில் உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்க வேண்டும். தமிழ் நாளேடுகளும் வானொலிகளும் இந்த விளம்பரங்களை ஏற்கும் முன் நிறுவனத்தின் பதிவைப் பார்க்க வேண்டும். வருமானம் குறையும் என்பது தெரியும், இருந்தும் கேட்கிறோம்.

அரசு தன் பங்கில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2025-இல் நாடாளுமன்றத்தில் பயனீட்டாளர் கடன் மசோதா நிறைவேறியது. கடன் வசூலிப்போரையும், கடன் ஆலோசனை, கடன் நிர்வாகம் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்வோரையும் ஒரே ஆணையத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். முன்பணத்துக்குத் தெளிவான தடை இருக்க வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பட்டியல் தமிழிலும் கிடைக்க வேண்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகள் வற்புறுத்தட்டும். பயனீட்டாளர் குரலை நாடு முழுக்கக் கேட்கவைத்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். 2019-இல் மறையும்வரை அவர் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கும் ஊர் இது. இந்தக் கோரிக்கை பினாங்கிலிருந்து எழுவதே பொருத்தம்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் பேசாமல் இருந்துவிட வேண்டாம். வங்கிக் கணக்கு வழியாகப் பணம் போய்ச் சில மணி நேரமே ஆகியிருந்தால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார். நிறுவனத்துக்கு முகவரியும் ரசீதும் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில் அங்கே பதிவு செய்யலாம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்த தான முகாமுக்கும் கண் பரிசோதனைக்கும் மண்டபம் கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காலையைக் கடன் ஆலோசனைக்குக் கொடுங்கள். ஏகேபிகே ஆலோசகர் ஒருவரை அழையுங்கள், பக்கத்தில் தமிழ் பேசும் இரண்டு தொண்டர்களை உட்கார வையுங்கள். சிசிரிஸ் அறிக்கையைக் கைப்பேசியிலேயே எடுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம். தனியாகப் பேச விரும்புவோருக்குக் கதவு மூடிய ஓர் அறை வேண்டும். முதல் ஆளாக நிர்வாகக் குழுத் தலைவரே தம் அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும்.