சாயம் போச்சு சரி... உப்பு போச்சா?

‘வாழைப்பழத் தோல் சாயக்கழிவைச் சுத்தமாக்கும்’, ‘முருங்கை விதை போட்டா ஆலைத் தண்ணி தெளிஞ்சிடும்’ - இப்படி ஏதாவது ஒரு தகவல் அடிக்கடி நம்ம மொபைலுக்கு வந்துடுது. படிக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்கணும்.

முதல்ல, இது கட்டுக்கதை இல்லை. மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு, கலங்கின தண்ணியை ஊத்தித் தெளிய வைக்கிறது நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கிற பழக்கம்தான். முருங்கை விதையும் அப்படித்தான். அதில் இருக்கிற புரதத்துக்கு நேர்மின்னூட்டம். தண்ணியில் மிதக்கும் மண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். ரெண்டும் ஒட்டி, கனமாகி, அடியில் படிஞ்சிடும்.

தேங்காய்ச் சிரட்டையில் தயாரிக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் வேற ரகம். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரே ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர்கூட வரும். சாயம் அதில் போய் ஒட்டிக்கும். வீட்டு வாட்டர் ஃபில்டர் பலவற்றிலும் இந்தக் கரிதான் இருக்கு.

அப்போ திருப்பூர் பிரச்னை தீர்ந்துச்சா? சிக்கலே அங்கதான். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, கிலோ கணக்கில் உப்பு சேர்க்கணும். அது துணியில் தங்காது. கழிவுநீரோட வெளியே வந்துடும். கரைஞ்ச உப்பை முருங்கை விதையாலயும் எடுக்க முடியாது, சிரட்டைக் கரியாலயும் எடுக்க முடியாது.

நொய்யலைக் கெடுத்ததில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில், விதிகளை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்பதுதான் அந்த விதி. அதுக்கு ஆர்.ஓ, ஆவியாக்கும் இயந்திரம்னு செலவு பிடிக்கும் வழிகள்தான் கைகொடுக்குது.

நிறம் மட்டும் போன தண்ணியில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. ஆறு சிவப்பா ஓடினா ஊரே புகார் கொடுக்கும். தெளிவா ஓடுற உப்புத் தண்ணியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. அது சத்தமில்லாமக் கிணத்துக்குள்ள இறங்கிடும்.

அடுத்த கேள்வி, சாயத்தை உறிஞ்சின கரியும் சக்கையும் எங்கே போகும்? குப்பைமேட்டில் கொட்டினா, மழையில் கரைஞ்சு திரும்ப மண்ணுக்கே வரலாம். நஞ்சு ஒழியலை, இடம்தான் மாறியிருக்கு.

இதுக்காகத் தாவர வழியை ஒதுக்கவும் வேண்டாம். ஆர்.ஓ-வுக்கு முந்தின கட்டத்தில் கலங்கலையும் சாயத்தையும் குறைக்க இது உதவும். சவ்வு சீக்கிரம் அடைபடாது. வீட்டிலும் குளியலறைத் தண்ணி போற இடத்தில் கல்வாழை வைக்கலாம். முருங்கை விதையில் தெளிய வெச்ச தண்ணியை மட்டும், கொதிக்க வைக்காமக் குடிச்சிடாதீங்க. தெளிஞ்ச தண்ணியிலும் கிருமி இருக்கலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு தகவல் வந்தா, மூணு கேள்வி கேளுங்க. சோதனை நடந்தது ஆய்வகக் குடுவையிலயா, ஆலையிலயா? உப்பு என்னாச்சு? சக்கை எங்கே போச்சு? மூணுக்கும் பதில் இருந்தா, தாராளமா ஃபார்வர்டு பண்ணுங்க!