ரீலோடிங்: அவசரக்காரங்களுக்கு ஆகாது!

சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம வீட்டுலயே திரும்ப நிரப்புறது அமெரிக்காவுல ஒரு பொழுதுபோக்கு. பேரு ரீலோடிங். புதுசா வர்றவங்க கிட்ட "புரோகிரசிவ் பிரஸ் வாங்கு, மணிக்கு நூத்துக்கணக்குல போடலாம்"னு சொல்றவங்க உண்டு. எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க.

வேலை நாலுதான். கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டு வரணும், பிரைமர் மாத்தணும், மருந்து போடணும், குண்டைப் பொருத்தணும். வில்லங்கம் மூணாவதுல. மருந்தை நிறுக்குற கிரெய்ன், சுமார் 65 மில்லிகிராம்தான். .38 ஸ்பெஷல் தோட்டா 1898 வாக்குல கரிமருந்துக்குன்னு வந்தது, கூடு பெருசு. இன்னிக்கு புகையில்லா மருந்து அதுல அடியில கொஞ்சமாத்தான் கிடக்கும். மறந்துபோய் ரெண்டு தடவை போட்டாலும் பல நேரம் வழியாது. சுட்டா துப்பாக்கியே வெடிக்கலாம். போடவே மறந்தா குண்டு குழல்லயே சிக்கிக்கும், அடுத்து சுட்டா அதுவும் ஆபத்து.

அதனால முதல்ல அளவுக் கையேடு, அப்புறம் தராசு, கடைசியா சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ். ஒரு நேரத்துல ஒரு வேலை. அம்பது கூட்டுக்கும் மருந்து போட்டு, தட்டுல வரிசையா நிறுத்தி டார்ச் அடிச்சா ஏத்த இறக்கம் கண்ணுல படும். அப்புறம்தான் குண்டு.

வேகம்தான் வேணும்னா கடையிலயே வாங்கிடலாமே!

பி.கு.: அமெரிக்காவுல மாணவர் விசாவுல இருக்குற மக்களே, வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாம தோட்டா வச்சிருக்கறதே அங்க மத்திய சட்டப்படி குற்றம். வெறும் பிரைமரும் மருந்தும்கூட தோட்டா கணக்குதான்.