பிரம்படிக்குப் பிறகு என்ன?

சிறார் மீதான பாலியல் குற்றச் செய்தி வரும்போதெல்லாம் "தூக்கில் போடுங்கள்" என்ற குரல் எழுகிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் சிறைக்குப் போகும் ஆடவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் விடுதலையாகி, ஏதாவது ஒரு தாமானில் குடியேறுவார்கள். அப்போது அவர்கள் மாறியிருப்பார்களா?

மலேசியச் சிறார்களைச் சீரழித்த பிரிட்டிஷ்காரர் ரிச்சர்ட் ஹக்கலுக்கு 2016இல் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அந்த அதிர்ச்சிக்கு மறு ஆண்டே மலேசியாவில் சிறார் பாலியல் குற்றச் சட்டம் வந்தது. சிறைவாசத்தின்போது மறுவாழ்வு ஆலோசனைக்கும், விடுதலைக்குப் பின் போலீஸ் கண்காணிப்புக்கும் அதில் இடமுண்டு. ஆனால் 'ஆலோசனை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

பிரிட்டனின் அனுபவம் கசப்பானது. அங்கே சிறைகளில் கைதிகளைக் குழுவாக உட்காரவைத்து, செய்த குற்றத்தை விவரிக்கச் சொல்லி, பாதிக்கப்பட்டவரின் வலியை உணரவைக்க முயன்றார்கள். மனம் திறந்து அழுதால் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டுதானே. 2017இல் வெளியான அரசாங்க ஆய்வு, சிகிச்சை பெற்ற 2,562 பேரை, பெறாத 13,219 பேருடன் ஒப்பிட்டது. மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தவர்கள், சிகிச்சை பெற்றோரில் 10 விழுக்காடு. பெறாதோரில் 8 விழுக்காடு! அத்திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது.

இதற்கான தடயம் முன்பே கிடைத்திருந்தது. கனடாவின் கார்ல் ஹான்சன் குழுவினர் 82 ஆய்வுகளை அலசி 2005இல் முடிவை வெளியிட்டனர். குற்றத்தை மறுப்பதோ, பாதிக்கப்பட்டவர் மீது இரக்கமின்மையோ மறுகுற்றத்தைப் பெரிதாக முன்னறிவிக்கவில்லை. பிறழ்ந்த பாலியல் நாட்டமும், சட்டத்தை மதிக்காத முரட்டு வாழ்க்கைமுறையுமே அதிகம் முன்னறிவித்தன. இவ்விரண்டும் ஒரே நாளில் முளைப்பவை அல்ல. பாசமற்ற வீடு, அடி உதை, இளவயதில் அனுபவித்த வன்கொடுமை ஆகியவை பல குற்றவாளிகளின் பின்னணியில் தெரிகின்றன. அதற்காக, கொடுமைக்கு ஆளான பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணால் பார்ப்பது பெரும் அநீதி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தீண்டுவதில்லை.

பதின்ம வயதில் தவறிழைத்தவர்களின் கதையும் வேறு. பெரும்பாலோர் அதைத் தொடர்வதில்லை. பதினாறு வயதுப் பையனுக்குத் தேவை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட சிகிச்சை. சிறுமியர் மீதே நாட்டம் கொண்ட நாற்பது வயதுக்காரருக்குத் தேவை நீண்டகாலச் சிகிச்சையும் விடாத கண்காணிப்பும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்தினால், பிரிட்டனின் கணக்குதான் இங்கும் வரக்கூடும்.